குதிரை லாயத்தில் தீ வராமல் தடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாயத்தில் தீப்பிடித்தால் அணைக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும், உள்ளே அடைபட்டிருக்கும் குதிரைக்கு அது பெரும்பாலும் தாமதம்தான். அதனால் இங்கே உள்ள பதில்களில் பாதிக்கு மேல், தீயே வராமல் பார்த்துக்கொள்வதைப் பற்றியவை. சொந்தமாக லாயம் வைத்திருப்பவர்களும், பிறர் லாயத்தில் குதிரையை விட்டிருப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

லாயத்தில் தீ ஏன் இவ்வளவு சீக்கிரம் பரவுகிறது?

லாயத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு முறை நின்று பாருங்கள். தரையில் வைக்கோலோ மரச்சீவலோ படுக்கையாகக் கிடக்கிறது. ஓரத்தில் காய்ந்த புல்கட்டுகள். மரத் தடுப்பு, மரக் கூரை, சேணத்துணி, கயிறு, சாக்கு. எல்லாவற்றின் மேலும் மெல்லிய தூசி. அத்தனையும் எரியக்கூடியவை. உதிரி வைக்கோலுக்குள் காற்று நிறைய இருப்பதால் ஒரு பொறி விழுந்தாலே குப்பென்று பற்றிக்கொள்ளும். ஓர் அறை முழுவதும் தீயாவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

தீயைவிடப் புகை முந்திக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. எரியும் புல்லிலிருந்தும் மரத்திலிருந்தும் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். தீ தன் அறையை எட்டும் முன்பே குதிரை மயங்கி விழுந்துவிடலாம்.

தீ பெரும்பாலும் எதிலிருந்து தொடங்குகிறது?

மின்சாரம்தான் முதல் சந்தேகத்துக்குரியது. பழைய வயரிங், தூசி அடைந்த மின்விசிறி, ஹீட்டர், வெப்ப விளக்கு, தற்காலிகமாகப் போட்டு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயர். அடுத்து மனிதர்களின் கவனக்குறைவு: சிகரெட், வெல்டிங், குப்பை எரிப்பது. மூன்றாவது, ஈரத்தோடு கட்டிய புல் தானாகவே சூடேறிப் பற்றுவது. மின்னல் பாய்வதும் காட்டுத்தீ வந்து சேர்வதும் உண்டு. ஆனால் முதல் மூன்றும் முழுக்க நம் கையில் இருக்கின்றன.

வயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

வீட்டு வயரிங்குக்கு இல்லாத மூன்று எதிரிகள் லாயத்தில் உண்டு: எலி, தூசி, ஈரம். எலிக்கு ஒயரின் மேலுறை மீது தனி ஆசை. கூரைக்கு மேலே யார் கண்ணிலும் படாமல் கடித்து வைத்த இடத்தில் செம்புக் கம்பி வெளியே தெரியும். பக்கத்திலேயே எலி கொண்டுவந்து சேர்த்த வைக்கோல் கூடு இருக்கும். தீப்பெட்டியையும் விறகையும் சேர்த்து வைத்ததற்கு இது சமம்.

ஆகவே எந்த ஒயரும் வெளியே தெரியக் கூடாது. எல்லாம் குழாய்க்குள் போக வேண்டும். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும் இரும்பை அரிக்கும் என்பதால், தரமான கெட்டி பிவிசி குழாய் நல்லது. குதிரையின் பல்லும் குளம்பும் எட்டாத உயரத்தில் போடுங்கள்.

ஸ்விட்ச் பெட்டியும் சாக்கெட்டும் தூசியும் நீரும் புகாத மூடி போட்டவையாக இருக்க வேண்டும். சாதாரண சாக்கெட்டை வருடம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் காரணம் புரியும். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒட்டடை, அதில் சிக்கிய புல் தும்பு, சில நேரம் பிளக் முனையைச் சுற்றி பழுப்பாகக் கருகிய ஒரு வளையம். அந்தப் பழுப்பு வளையம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கரண்ட் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்.

மின்கசிவைக் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிப்பதைப் பொருத்துங்கள். அது அடிக்கடி ட்ரிப் ஆனால் எரிச்சல்பட்டு அதைச் சுற்றிக் கொண்டுபோய் நேர் இணைப்பு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கோ கோளாறு இருக்கிறது என்று அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

முடிந்தால் மெயின் ஸ்விட்சை லாயத்துக்கு வெளியே வையுங்கள். இரவில் தேவையில்லாத இணைப்புகளை ஒரே இடத்தில் அணைக்க முடிவது பெரிய நிம்மதி.

ஒட்டடை அடிப்பது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

ஆமாம். ஒட்டடையும் தூசியும் விளக்கிலிருந்து கூரைக்கும், கூரை நெடுகிலும் தீயைக் கடத்தும். விளக்கைச் சுற்றி, மின்விசிறிக்குள், ஸ்விட்ச் பலகைக்கு மேலே, உத்தரங்களில் என்று எல்லா இடத்திலும் ஒழுங்காக அடித்துவிடுங்கள். வேலைக்கு முன் குதிரைகளை வெளியே கட்டிவிடுவது அவற்றின் மூச்சுக்கும் நல்லது. செலவே இல்லாத பாதுகாப்பு இது ஒன்றுதான், அதனாலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

வீட்டு டேபிள் ஃபேனை லாயத்தில் வைக்கலாமா?

வேண்டாம். வீட்டு மின்விசிறியின் மோட்டார் திறந்த அமைப்பு. புல் தும்பும் தூசியும் உள்ளே போய் அடைத்து, மோட்டார் சூடேறி, அந்தத் தூசியே பற்றிக்கொள்ளும். பண்ணைக்கென்று முழுக்க மூடிய மோட்டார் உள்ள விசிறிகள் வருகின்றன. வாங்கும்போது பெட்டியில் ஐபி 55 (தூசியையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் குறியீடு) அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் ஆள் இல்லாத இரவில் எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓடக் கூடாது. நிரந்தரமான சாக்கெட் வேண்டும்.

குட்டி ஈன்ற நேரத்தில் குளிருக்கு வெப்ப விளக்கு போடலாமா?

இதில் என் கருத்து கறாரானது: மாற்று வழி இருக்கும்வரை போடாதீர்கள். வெப்ப விளக்கு வைக்கோலில் விழுந்தாலே போதும். ஒற்றைக் கயிற்றில் தொங்குவது, கவ்வியில் பிடித்து நிற்பது, குதிரை தலையை உயர்த்தினால் இடிபடுவது, எல்லாம் ஆபத்து. குதிரைக்கு மனிதனைவிடக் குளிர் தாங்கும் உடம்பு. காற்று நேராக அடிக்காத காய்ந்த படுக்கை, தேவையான புல், போர்வை இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும். குட்டிக்கும் போர்வை கிடைக்கிறது.

நோயுற்ற குட்டிக்குக் கால்நடை மருத்துவர் வெப்ப விளக்கு வேண்டும் என்றே சொன்னால், சங்கிலியில் இரண்டு இடத்தில் மாட்டி, கம்பிக் கூண்டு போட்டு, ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தண்ணீர் வாளியில் போடும் ஹீட்டருக்கும் இதே எச்சரிக்கை. தண்ணீர் வற்றியதும் தானாக அணையாத வாளி ஹீட்டர் லாயத்துக்குள் வரவே கூடாது.

புல்கட்டு தானாகவே தீப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பலர் இதை நம்புவதில்லை, அதுதான் கவலை.

அறுத்த புல் சரியாகக் காயாமல் கட்டப்பட்டால், உள்ளே இருக்கும் ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். அவை மூச்சுவிடும்போது வெப்பம் வெளியாகிறது. உதிரியாகக் கிடந்தால் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். இறுக்கிக் கட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் போக வழியில்லை. சூடு ஏற ஏற, வெப்பத்தை விரும்பும் பாக்டீரியாக்கள் பொறுப்பேற்று 70 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோகும். அதற்கு மேல் எந்த உயிரும் தேவையில்லை. புல்லுக்குள்ளேயே இரசாயன மாற்றம் தொடங்கி வெப்பத்தை மேலும் ஏற்றிக்கொண்டே போகும். அடுக்கின் நடுவில் கரி படிந்த ஒரு பொந்து உருவாகும். அது காற்றைத் தொடும் நொடியில் தீ.

எவ்வளவு ஈரம் அதிகம்? சிறிய செவ்வகக் கட்டுகளுக்கு 20 சதவீதம் வரை, பெரிய உருளைக் கட்டுகளுக்கு 18, பெரிய செவ்வகக் கட்டுகளுக்கு 16 என்பது பொதுவான வரம்பு. கட்டு பெரிதாக ஆக, சூடு வெளியேறுவது கடினமாகும், அதனால் வரம்பும் குறைகிறது. ஈரமானி ஒன்று வைத்துக்கொண்டு, புல் வாங்கும்போதே பல கட்டுகளில் குத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கட்டிய முதல் ஆறு வாரங்கள்தான் ஆபத்தான காலம். அதற்குப் பிறகும் கூரை ஒழுகி நனைந்தாலோ, தரை ஈரம் ஏறினாலோ கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கட்டுகளை வெறும் தரையில் அடுக்காமல் கீழே மரச்சட்டம் போடுவது இதற்காகத்தான்.

உள்ளே சூடாகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூக்கு முதலில் சொல்லும். கருகிய வெல்லப்பாகு போலவோ புகையிலை போலவோ ஒரு வாசம், அடுக்கின் மேல் ஈரக் கசிவு, காலையில் லேசான ஆவி. வாசத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், அளந்து பாருங்கள்.

நீண்ட கம்பி முனையோடு வரும் புல் வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால், முனை கூராக்கிய இரும்புக் குழாயில் அடிப்பக்கம் சில ஓட்டைகள் போட்டு, அடுக்கின் நடுவரை இறக்கி, அதற்குள் கயிற்றில் கட்டிய வெப்பமானியை விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். குழாயே இல்லாதவர்கள் ஒரு கம்பியைச் செருகிக் கொஞ்ச நேரம் விட்டு இழுத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே முறையாக அளக்க வேண்டும்.

50 டிகிரி வரை பெரிய பயமில்லை. 65 தாண்டினால் தினமும் அளக்க வேண்டும். 70 என்றால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை. 80 தொட்டால் தீயணைப்புத் துறைக்குத் தகவல் சொல்லி, குதிரைகளை வேறிடத்துக்கு மாற்றத் தொடங்குங்கள். 100 நெருங்கினால் உள்ளே தீ இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது அடுக்கின் மேல் வெறுமனே ஏறி நடக்காதீர்கள். உள்ளே எரிந்து பொந்தான இடம் இருந்தால் கால் நேராகத் தீக்குள் இறங்கும். நீளமான பலகையைப் போட்டு அதன் மேல் நின்று, இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க, அப்படித்தான் செய்ய வேண்டும்.

சூடேறிய அடுக்கை உடனே பிரித்துப் போட்டால் சரியாகிவிடாதா?

65 டிகிரிக்குக் கீழே என்றால் பிரித்து ஆற விடலாம். 80க்கு மேல் போன அடுக்கை நீங்களே பிரிப்பது மிக ஆபத்தான வேலை. நீறு பூத்த நெருப்புக்கு நீங்களே காற்று கொடுத்ததாகிவிடும். தீயணைப்பு வீரர்கள் தண்ணீர்க் குழாயோடு தயாராக நிற்க, அவர்கள் சொன்னபடி பிரிக்க வேண்டும்.

லாயத்துக்கு மேல் பரணில் புல் அடுக்கி வைக்கிறோம். வசதியாக இருக்கிறதே?

வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் குதிரைகளின் தலைக்கு மேல் எரிபொருள் கிடங்கை வைத்திருக்கிறீர்கள். புல்லுக்குத் தனிக் கொட்டகை கட்டுங்கள். லாயத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால் நல்லது. இடமே இல்லையென்றால் ஓரிரு நாளுக்குத் தேவையானதை மட்டும் லாயத்துக்குள் வையுங்கள். டிராக்டர், டீசல், பெட்ரோல், பெயிண்ட் ஆகியவற்றுக்கும் லாயத்துக்குள் இடம் கிடையாது. ஓடி வந்த டிராக்டரின் புகைக்குழாய் சூட்டில் புல் தும்பு எளிதாகப் பற்றும்.

இன்னொன்று. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் விடும். கசங்கிய துணிக்குள் அது சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்டு, அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள்.

லத்திக் குவியலும் பற்றுமா?

பற்றும். லத்தியும் பழைய படுக்கை வைக்கோலும் மட்கும்போது உள்ளே நன்றாகவே சூடாகும். லாயச் சுவரில் சாய்த்துக் கொட்டாமல் தள்ளிக் கொட்டுங்கள்.

லாடம் அடிப்பவர், வெல்டர் வரும்போது என்ன செய்ய வேண்டும்?

வேலை நடக்கும் இடத்தை வெளியே மாற்றுங்கள். சூடான லாடமும் கிரைண்டர் பொறியும் வைக்கோல் பக்கமே வரக் கூடாது. தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, ஒரு வாளித் தண்ணீரும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். வெல்டிங் முடிந்ததும் ஆளை அனுப்பிவிட்டுப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். பொறி ஒன்று தூசிக்குள் போய்க் கனன்று கொண்டிருக்கும். ஒரு மணி நேரமாவது யாராவது சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

லாயத்தில் புகைபிடிக்க ஒரு மூலையை ஒதுக்கலாமா?

கூடாது. வளாகத்துக்கு வெளியே, மணல் நிரப்பிய தொட்டியோடு ஓர் இடம் ஒதுக்குங்கள். முதலாளிக்கும் விருந்தாளிக்கும் இதே விதிதான்.

புகை எச்சரிக்கைக் கருவி லாயத்தில் வேலை செய்யுமா?

வீட்டில் மாட்டும் சாதாரணக் கருவி தூசியாலும் அம்மோனியாவாலும் சும்மாவே அலறும். கொஞ்ச நாளில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். சேணம் வைக்கும் அறை, அலுவலகம் போன்ற தூசியில்லாத இடங்களுக்கு அது சரி. குதிரை அறைகளுக்கு வெப்பம் திடீரென்று ஏறுவதைக் கண்டுபிடிக்கும் உணரி பொருத்தம். அது புகைக் கருவியைவிடச் சற்றுத் தாமதமாகவே சொல்லும். ஆனால் உண்மையாக இருக்கும்போது மட்டும் சொல்லும். மணி லாயத்துக்குள் மட்டும் அடித்துப் பயனில்லை. ஆள் தூங்கும் இடத்தில் கேட்க வேண்டும், கைபேசிக்கும் வர வேண்டும்.

ஸ்பிரிங்க்ளர் (தீயின் சூட்டில் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் கூரைக் குழாய் அமைப்பு) போட்டால் தண்ணீர் கொட்டிக் குதிரைகள் மிரளாதா?

மிரளலாம். ஆனால் உயிரோடு இருக்கும். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் பீய்ச்சும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஒவ்வொரு தலையிலும் சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. சிவப்புத் திரவம் உள்ளது சுமார் 68 டிகிரியில் உடையும். சூடு எட்டிய தலை மட்டுமே திறக்கும். தீ சிறிதாக இருக்கும்போதே, யாரும் இல்லாத நள்ளிரவிலும் தானாக வேலை செய்யும் ஒரே ஏற்பாடு இதுதான். தண்ணீர் உறையும் குளிர்ப் பகுதிகளில் குழாயில் காற்றை நிரப்பி வைக்கும் உலர் வகை இருக்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் வேறு எந்த ஆடம்பரத்தைக் குறைத்தாவது இதைப் போடுங்கள்.

தீயணைப்பான் எத்தனை, எங்கே?

ஏ.பி.சி. வகை உலர்தூள் தீயணைப்பான் ஒவ்வொரு வாசலிலும், மின்பலகைக்கு அருகிலும், சேண அறையிலும் ஒன்று. நீளமான லாயம் என்றால் நடைபாதையில் 15 மீட்டருக்கு ஒன்று. வைக்கோல் தீயில் தூள் மேல் தீயை அடக்கும். அடியில் கங்கு இருந்துகொண்டே இருக்கும். பின்னாலேயே தண்ணீர் ஊற்றிக் கிளறி அணைக்க வேண்டும், மின்சாரத்தைத் துண்டித்த பிறகு. லாயத்தின் கடைசி அறை வரை எட்டும் தண்ணீர்க் குழாய் எப்போதும் மாட்டியே இருக்கட்டும்.

புதிதாக லாயம் கட்டுகிறோம். எதை மனதில் வைக்க வேண்டும்?

ஒவ்வொரு குதிரை அறைக்கும் நேராக வெளியே திறக்கும் இரண்டாவது கதவு. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். தாழ்ப்பாளை இருட்டில், கையுறையோடு, ஒரே கையால் திறக்க முடிகிறதா என்று சோதியுங்கள். பூட்டு போடவே கூடாது. நீண்ட லாயத்தைத் தீத் தாங்கும் சுவரால் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். தீயணைப்பு வண்டி வந்து திரும்ப இடம், தண்ணீர் எடுக்கத் தொட்டி அல்லது குளம், இடிதாங்கி ஆகியவையும் வேண்டும். விலங்குகள் தங்கும் கட்டடங்களுக்கென்றே அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 150 என்ற தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. உங்கள் கட்டடக் கலைஞரை அதைப் படிக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்ததும் தீயணைப்பு நிலையத்தாரை ஒரு நாள் அழைத்து இடத்தைச் சுற்றிக் காட்டுங்கள்.

தீயைப் பார்த்தவுடன் முதலில் என்ன செய்வது?

தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். குதிரையை அவிழ்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த நிமிடங்கள் திரும்ப வராது. மனிதர்கள் எல்லோரும் வெளியே இருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு மின்சாரத்தைத் துண்டியுங்கள். உள்ளே போவது பாதுகாப்பு என்று தெரிந்தால் மட்டும் குதிரைகளிடம் போங்கள், வாசலுக்கு அருகில் எளிதில் எடுக்க முடிகிறவற்றிலிருந்து தொடங்குங்கள். கூரையில் தீ ஓட ஆரம்பித்துவிட்டால் உள்ளே போகாதீர்கள். இதை எழுதுவது எளிது, அந்த நேரத்தில் நிற்பது எளிதல்ல என்று தெரிந்தே சொல்கிறேன்.

கதவுகளைத் திறந்துவிட்டால் குதிரைகள் தாமாக ஓடிவிடாதா?

நம்ப முடியாது. குதிரைக்குத் தன் அறைதான் பாதுகாப்பான இடம். பயந்தால் அங்கேயே ஒண்டிக்கொள்ளும். வெளியே வந்த குதிரைகூடத் திரும்ப உள்ளே ஓடும். அதனால் ஒவ்வொன்றையும் கயிற்றில் பிடித்து நடத்தி, முன்பே ஒதுக்கிய அடைப்பில் விட்டு, அடைப்பின் கதவையும் லாயக் கதவையும் சாத்த வேண்டும்.

காட்டுத்தீ பாய்ந்து வரும்போது ஒவ்வொன்றாகப் பிடிக்க நேரமே இருக்காது. 2017 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் லூயி ரே டவுன்ஸ் பந்தயக் குதிரைப் பயிற்சி மையத்தைத் தீ எட்டியபோது, நூற்றுக்கணக்கான குதிரைகளை அவிழ்த்துவிட வேண்டியதாயிற்று. பல தப்பின; 46 குதிரைகள் இறந்தன. காட்டுத்தீ வரக்கூடிய பகுதியில் இருப்பவர்கள் எச்சரிக்கை வந்த உடனேயே, தீ கண்ணில் படும் முன்பே குதிரைகளை வண்டியில் ஏற்றிவிட வேண்டும்.

வர மறுக்கும் குதிரையை எப்படி வெளியே கொண்டுவருவது?

முதல் தேவை, கயிறு கைக்கெட்டும் இடத்தில் இருப்பது. ஒவ்வொரு அறைக் கதவிலும் முகத்தில் மாட்டும் ஹால்ட்டரும் பிடிகயிறும் தொங்க வேண்டும். தோல் ஹால்ட்டர், பருத்திக் கயிறு. நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். செயற்கை இழைப் போர்வையும் ஈ வலையும் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

மறுக்கும் குதிரைக்குப் பருத்தித் துணியால் கண்ணைக் கட்டினால் சில வரும், சில இன்னும் மிரளும். அதனால்தான் சாதாரண நாட்களிலேயே கண்ணைக் கட்டி நடத்திப் பழக்க வேண்டும். முகமூடியும் கனத்த கோட்டும் போட்ட ஆள் பக்கத்தில் வந்து பிடிப்பதையும் பழக்குங்கள். தாயையும் குட்டியையும் பிரிக்காதீர்கள். குட்டி முன்னே போனால் தாய் பின்னாலேயே வரும். ஒரு குதிரை எதற்கும் அசையவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள். ஒன்றோடு போராடும் நேரத்தில் மற்ற மூன்றை இழந்துவிடக் கூடாது.

குதிரை வெளியே வந்து சாதாரணமாக நிற்கிறது. மருத்துவர் தேவையா?

கட்டாயம் தேவை, அன்றைக்கே. புகையால் நுரையீரலில் ஏற்பட்ட பாதிப்பு உடனே தெரியாது. மூச்சுக்குழாய் வீங்குவதும் நுரையீரலில் நீர் கோப்பதும் பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளிப்படும். ஒரு வாரம் கழித்து நிமோனியா வரவும் கூடும். மூச்சு வேகமாவது, மூக்குத் துளை விரிவது, இருமல், மூக்கில் நுரை அல்லது கரி கலந்த சளி, தீனி எடுக்காதது ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தீக்காயத்தில் குளிர்ந்த நீரை மெதுவாக ஊற்றுங்கள். எண்ணெயோ களிம்போ மருத்துவர் பார்க்கும் முன் தடவ வேண்டாம். கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், கருவிழியில் புண் இருக்கலாம். அப்புறம் சில வாரங்களுக்குத் தூசியில்லாத திறந்த வெளி, தண்ணீரில் நனைத்த புல், முழு ஓய்வு. சவாரிக்கு எப்போது எடுக்கலாம் என்பதை நுரையீரலைக் கேட்டுப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.